மதிலைத் தாண்டிய முழக்கம்

யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்ற பெயரைத் தவில் என்ற சொல்லிலிருந்து பிரித்துப் பார்க்க எங்கள் பகுதியில் எவராலும் இயலாது. 1933ஆம் ஆண்டு இணுவிலிலே தவிற்கலைஞர் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்து, பின்னர் அளவெட்டியோடு உறவு பூண்டு, ஈழத்திலும் தமிழகத்திலும் தன்னிகரற்ற கலைஞராகப் போற்றப்பட்டு, 1975ஆம் ஆண்டிலே காலமானவர் அவர். நாற்பத்திரண்டு வயது நிறையுமுன்பே அந்தக் கைகள் ஓய்ந்துவிட்டன.

அவரைப்பற்றி அம்ஷன் குமார் இயக்கிய விவரணப்படம் 2015ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வாண்டுக்கான இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளிலே, கலை, பண்பாடு பற்றிய படங்களுக்குரிய விருது அதற்குக் கிடைத்தது. ‘ஒருத்தி’ என்ற கதைப்படத்தை முன்னரும், ஒடுக்கப்பட்ட ஒருவரின் பிணத்துக்குக்கூடப் பொதுவழி மறுக்கப்படும் கொடுமையைக் காட்டிய ‘மனுசங்கடா’ என்ற படத்தைப் பின்னரும் எடுத்தவர் இவரே. கலைஞர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் வந்த படம்! ஆகவே அது கேட்டவர்களின் நினைவையும் காலத்துக்குத் தப்பிய ஒலிப்பதிவுகளையுமே பெரிதும் நம்பி நிற்கவேண்டியதாயிற்று. அந்த நாற்பது ஆண்டுகள் ஏன் கழிந்தன என்ற கேள்வியைப் படம் பார்த்த ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் நன்று.

உடுப்பிட்டியிலே, ஒரு வாசிகசாலையில், நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி இப்படத்தைப் பார்த்தோம். இளைப்பாறிய கணித ஆசிரியர் ஒருவர், பல்கலைக்கழக மாணவர் சிலர், கோயில்களில் தவில் வாசித்துப் பிழைக்கும் இளைஞர் ஒருவர், எழுபதைத் தாண்டிய முதியவர் ஒருவர் எனப் பலவகைப்பட்டோரும் அங்கிருந்தனர். படம் முடிந்த பின்னரும் எவரும் எழுந்து போகவில்லை. மாணவர் ஒருவர் தம் கைத்தொலைபேசியிலிருந்த தெட்சணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவு ஒன்றை ஒலிபெருக்கியிலே இணைத்தார். இரைச்சலும் கரகரப்பும் நிறைந்த பதிவு அது. ஆயினும் தனியாவர்த்தனம் தொடங்கியதும் அந்தச் சிறிய அறை பெரிய கோயில் வீதியாகிவிட்டது.

அதன்பின் எழுந்த உரையாடலே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதியவர்தாம் முதலிற் பேசினார். தெட்சணாமூர்த்தியை அவர் இளமையில் நேரிற் கேட்டவர். “நேரிலை கேட்டனான் எண்டு சொன்னால் அரைவாசிதான் உண்மை, தம்பி. உள்ளுக்கிருந்த ஆக்களுக்கு அவரின்ரை முகம் தெரிஞ்சுது. நாங்கள் மதிலுக்கு வெளியிலை நிண்டனாங்கள். எங்களுக்குச் சத்தம் மட்டும்தான். ஆனால் ஒரு அடி தப்பாமல் கேட்டம்” என்றார். குரலிலே கோபம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லும் தொனியே இருந்தது.

கணித ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. “கலைஞனைக் கலைஞனாய்ப் பாருங்கோ. அந்த மனிசன் தெய்வாம்சம் பொருந்தினவர். இதுக்குள்ளை சாதியை ஏன் கொண்டு வாறியள்?” என்று கேட்டார்.

தவில் வாசிக்கும் இளைஞர் மெதுவாகச் சொன்னார்: “சேர், சாதியை நாங்கள் கொண்டு வரேல்லை. நாங்கள் வரமுன்னமே அது பந்தலுக்கை வந்து குந்தியிருக்கும்.”

எவரும் சிறிதுநேரம் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் தீய மனிதர் அல்லர். இசையை உண்மையாகவே நேசிப்பவர். அவர் எழுப்பிய கேள்வியை எங்கள் ஊர்களில் நல்லவர்கள் பலரும் எழுப்புகின்றனர். ஆதலால் அதற்கு நேர்மையான விடை காண்பது அவசியமாகின்றது.

தெட்சணாமூர்த்தியின் கலை உச்சத்தில் நின்ற காலம் எது? 1956இல் பருத்தித்துறைத் தொகுதி பொதுவுடைமைக் கட்சியின் பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய காலம் அது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் ஏட்டிலே இருக்க, தேநீர்க்கடையிலும் கோயில் வாசலிலும் பழைய வழக்கமே ஆட்சி செய்தது. 1966இல் தீண்டாமைக்கு எதிரான எழுச்சி மூண்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற்றது. இவை நிகழ்ந்த அதே ஆண்டுகளிலேதான் குடாநாட்டின் கோயில் வீதிகளிலே விடியவிடிய மேளச்சமாக்கள் நடந்தன. மல்லாரி முழங்கச் சுவாமி வெளிவீதி வந்தார். மதிலுக்கு உள்ளே ஒரு சனமும் வெளியே ஒரு சனமும் நின்று ஒரே தவிலைக் கேட்டன.

மேளம் வாசித்தவரின் நிலையோ இன்னும் விசித்திரமானது. அவருக்கு உள்ளே இடம் உண்டு. ஆனால் சமமான ஆசனம் இல்லை. இரவிலே அவருடைய விரல்களுக்குத் தலையசைத்தவர்கள் பகலிலே அவரை ஒருமையில் விளித்தனர். பொன்னாடையும் பதக்கமும் கொடுப்பதற்கு நீண்ட கைகள், ஒரே பந்தியிலே இலை போடுவதற்கு நீளவில்லை. இத்தகைய சமூகத்தில் ‘தெய்வாம்சம்’ என்ற சொல் என்ன வேலை செய்கின்றது? மனிதரைத் தெய்வம் என்று உயர்த்திவிட்டால், அவரை மனிதராக நடத்தும் கடமையிலிருந்து எளிதாக விடுபட்டுவிடலாம். தெய்வத்துக்குக் கூலி பேசவேண்டியதில்லை, கதிரை போடவேண்டியதுமில்லை.

இவ்விடத்தில் மாணவர் ஒருவர் தூரதேசத்து ஒப்புமை ஒன்றைச் சொன்னார். அமெரிக்காவிலே 1942இல் பிறந்த கறுப்பினக் கித்தார்க் கலைஞர் ஜிமி ஹென்ட்றிக்ஸைப் பற்றியது அது. பருத்தித் தோட்டங்களிலே உழைத்து நலிந்த கறுப்பின மக்களின் துயரத்திலிருந்து பிறந்த புளூஸ் இசையை, மின்கித்தாரின் பேரொலியோடு றொக் இசையிலே கலந்தவர் அவர். இடக்கைப் பழக்கமுள்ள அவர், வலக்கைக்காரருக்கென்று செய்த கித்தாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசித்தார். 1969 ஓகஸ்ட் மாதம் வூட்ஸ்ரொக் விழாவிலே தம் நாட்டின் தேசிய கீதத்தை வாசித்தபோது, வியட்நாமிலே விழுந்த குண்டுகளின் ஓலம் அதனூடே எழுந்ததாகக் கேட்டோர் பலர் உணர்ந்தனர். 1970இல், இருபத்தேழே வயதில், இலண்டனில் மாண்டார். மூன்றே ஆண்டுகளில், 1973இல், அவரைப்பற்றிய விவரணப்படமும் அதன் ஒலிப்பதிவுகள் அடங்கிய இரட்டை இசைத்தட்டும் வெளிவந்துவிட்டன.

அங்கே மூன்று ஆண்டு. இங்கே நாற்பது ஆண்டு. மாணவர் இதைச் சொன்னபோது அவர் குரலிலே ஏக்கம் இருந்தது. ஏக்கம் நியாயமானதே. ஆயினும் அந்த மூன்று ஆண்டுகளின் விரைவுக்குப் பின்னால் அன்பு மட்டும் இருக்கவில்லை, வணிகமும் இருந்தது. இறந்த கலைஞரின் பெயரில் இசைத்தட்டுக்கு மேல் இசைத்தட்டாக விற்பனையாயிற்று. அங்கே கலைஞர் பண்டமாகின்றார்; இங்கே தெய்வமாகின்றார். வழிகள் வேறாயினும் இரண்டிலும் மறைந்துபோவது உழைத்த மனிதரே. ஒருவரைச் சந்தை விழுங்குகின்றது. மற்றவரைச் சாம்பிராணிப் புகை மூடுகின்றது.

அந்த உழைப்பு எத்தகையது என்பதை அறிந்தாலொழிய ரசனை முழுமை பெறாது. தவில் பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுவது. அதன் பாரம் முழுவதையும் தோளிலே வாரினால் தாங்கிக்கொண்டு, மணிக்கணக்காக நின்றும் நடந்தும் வாசிக்கவேண்டும். இடக்கையிலே கழி, வலக்கை விரல்களிலே கூடு. திறந்த வெளியிலே ஆயிரம்பேரின் காதுக்கு எட்டவேண்டிய கருவி அது. ஒலிபெருக்கி வருவதற்கு முன்னரே மதிலைத் தாண்டும் வலிமை அதற்கு இருந்தது. அந்த வலிமையைக் கொடுத்தவை வாசித்தவரின் தோளும் மணிக்கட்டுமே.

அதற்கு மேலே நிற்பது அறிவு. நாம் கேட்டுக்கொண்டே கணித ஆசிரியரிடம் கணக்கை விளக்கும்படி வேண்டினோம். அவர் உற்சாகமாகவே விளக்கினார். ஆதிதாளம் எட்டு அட்சரம். சதுஸ்ர நடையிலே, அட்சரத்துக்கு நான்காக, ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. எட்டு மாத்திரைச் சொற்கட்டு ஒன்றை மூன்றுமுறை வாசித்து, இடையிலே இருமுறை நான்கு மாத்திரை ஓய்வு விட்டால், 24உம் 8உம் சேர்ந்து 32. சரியாகச் சமத்தில் வந்து விழும். இது பாலபாடம். அதே தாளத்தைக் கண்ட நடைக்கு, அட்சரத்துக்கு ஐந்தாக, மாற்றினால் ஆவர்த்தனம் 40 மாத்திரையாகிவிடும். திஸ்ரத்துக்கு மூன்று, மிஸ்ரத்துக்கு ஏழு, சங்கீர்ணத்துக்கு ஒன்பது. இவற்றுள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாளம் பிசகாமல் தாவிச் சென்று, எங்கே தொலைந்தார் என்று கேட்போர் திகைக்கும் வேளையிலே சமத்தில் வந்து நிற்பதுதான் மேதைமை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஆசிரியர், ஒலிப்பதிவை மறுபடி போடச்செய்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டாம் சுற்றிலே எண்ணிக்கை கைநழுவிற்று. இளைஞரோ கண்ணை மூடியபடி தொடையிலே தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தவில் முத்தாய்ப்பை எட்டிய கணத்திலே அவருடைய கையும் சமத்தில் வந்து இறங்கியது. “எங்கை படிச்சனீர்?” என்று ஆசிரியர் கேட்டார். “அப்பாட்டை. எழுதிப் படிக்கேல்லை, சேர். வாயாலை சொல்லிச் சொல்லித்தான். விடியக் காலமை நாலு மணிக்கு எழுப்பிப் போடுவார்” என்றார் இளைஞர். ஆசிரியர் நெடுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “இது வரமில்லை, படிப்பு” என்றார். எவ்வளவோ வாதத்தால் ஆகாததை அந்த ஒரு கை செய்துவிட்டது.

தெட்சணாமூர்த்தியும் வானத்திலிருந்து குதித்தவர் அல்லர். தந்தையிடமும், தமிழகத்திலே நாச்சியார்கோயில் இராகவப்பிள்ளை போன்ற மேதைகளின் அருகிலும் கற்றுத் தேறியவர். அளவெட்டி என். கே. பத்மநாதன் போன்ற நாதசுரக் கலைஞர்களோடு சேர்ந்து வளர்ந்தவர். தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் எழுத்தின்றிக் காத்துவந்த அறிவுச்செல்வம் அவரிடத்தே உச்சம் தொட்டது. அந்தச் சமூகத்தைத் தாழ்த்திக்கொண்டே அவரை மட்டும் போற்றுவது, வேரை வெட்டிவிட்டுப் பூவுக்கு நீர் வார்ப்பதாகும். முற்போக்காளருள்ளும் சிலர் தவிலைக் கோயிற் கருவி எனக் கூறி ஒதுக்குவதுண்டு. கோயிலின் அதிகாரம் வேறு. அக்கோயிலிலே உழைத்த மக்களின் கலை வேறு. முன்னதை எதிர்ப்பவருக்குப் பின்னதைக் காக்கும் பொறுப்பு இரட்டிப்பாகும்.

காக்கும் வேலையோ மிகவும் பிந்திவிட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்திலே 97,000க்கு மேற்பட்ட நூல்கள் எரிந்தன. 1987இல் வடமராட்சியே போர்க்களமாயிற்று. 1995இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே வீடுவாசலை விட்டு நடந்தனர். கையிலே எடுக்கக்கூடியதை எடுத்தவர்கள் ஒலிநாடாவையா எடுத்திருப்பார்கள்? தப்பியவையும் தகரப்பெட்டிகளிலே பூஞ்சணம் பிடித்து, பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கின்றன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து ஏடுகளைக் காப்பதற்குச் செய்துவரும் உழைப்பைப்போல, ஊர்தோறும் ஒலிக்கும் உழைப்பு வேண்டும். பழைய நாடா ஒன்று கிடைத்தால் அதைப் பிரதிசெய்வதோடு நின்றுவிடலாகாது. எந்தக் கோயில், எந்த ஆண்டு, நாதசுரம் யார், இரண்டாந் தவில் யார், ஒத்து ஊதியவர் யார், பதிவுசெய்தவர் யார் என்பனவற்றையும் கேட்டு எழுதிவைக்க வேண்டும். மதிலுக்கு வெளியே நின்று கேட்டவர்களின் சாட்சியத்தையும் அதனோடு சேர்க்க வேண்டும். அதுவும் அந்த இசையின் வரலாறே. அம்முதியவரைப் போன்றோர் இன்னும் எத்தனை ஆண்டு எம்மோடு இருப்பார்கள்?

படத்தைப் பார்த்துப் பரவசப்படுவது எளிது. இறந்தவர் எம்மிடம் எதுவும் கேட்பதில்லை. உயிரோடிருக்கும் தவிற்காரர் கேட்பார். அதுவே எமக்குச் சோதனை. நல்லது செய்ய விரும்பும் ஆசிரியரும் மாணவரும் தத்தம் ஊரிலே தொடங்கத்தக்க காரியங்கள் சில உண்டு. திருவிழா அறிவித்தலிலே உபயகாரரின் பெயர் இடம்பெறும் அதே அளவெழுத்தில் மேளக் கலைஞர் ஒவ்வொருவரின் பெயரும் அச்சாக வேண்டும். பேசிய ஊதியம் சமா முடிந்த அன்றே கைக்கு வரவேண்டும். பந்தியிலே அவருக்கும் மற்றவரோடு ஒரே வரிசையில் இலை விழவேண்டும். அவருடைய பிள்ளை படிக்கும் பாடசாலையிலே, தாளக்கணக்கை ஒருநாளாவது வகுப்பறைக்குள் கொண்டுவந்து, அதைச் சொல்லிக்கொடுக்க அவரையே அழைக்க வேண்டும். எமது வாசிகசாலை நண்பர்கள் முதலிலே பழைய நாடாக்களைத் தேடுவதென்று தீர்மானித்துள்ளனர். கணித ஆசிரியர் தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து இரண்டு நாடாக்களைத் தந்துவிட்டார். அவற்றிலே வாசித்திருப்பவர் யாரென்று கேட்டுச் சொல்லும் பொறுப்பை அந்த இளைஞர் ஏற்றிருக்கின்றார்.