கழற்றி வைத்த கால்

படுவான்கரையில் நான் வழமையாகப் போகும் வீடொன்று. அந்த அக்கா யுத்த காலத்தில் மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே இழந்தவர். வயலும் கோழிகளும் பிள்ளைகளும் ஜெய்ப்பூர் காலோடுதான். சென்ற மாதம் நொண்டி நடந்தார்.

"என்னக்கா?"

"ஒண்டுமில்ல புள்ள, கொஞ்சம் உரசுது."

கழற்றச் சொன்னேன். மீதிக்காலின் நுனியில் சிவந்து வெடித்த புண். இரண்டு கிழமையாக அதன்மேல்தான் நடந்திருக்கிறார். இரண்டு வருடமாக அவரது கடன் படிவங்களை நிரப்பிக் கொடுத்த நான், ஒருநாளாவது அந்தக் காலைக் காட்டச் சொன்னேனா?

இரவில் கழற்றியதும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் ஒற்றிக் காயவிட வேண்டும். காலையில் கழுவினால் தோல் ஊறி, மாட்டும்போது உரசும். அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. சிறு கண்ணாடி பிடித்துப் பாருங்கள். உறையைத் தினமும் தோய்த்து மாற்றுங்கள். கழற்றிப் பத்து நிமிடத்திலும் சிவப்பு மறையாவிட்டால் மறுபடி மாட்டாதீர்கள். மீதிக்கால் காலப்போக்கில் மெலியும். செய்தவர்களிடமே காட்டி அளவைச் சரிபார்க்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குப் புண் வந்தாலும் நோவு தெரியாமற் போகலாம், அவர்கள் தாமதிக்கவே கூடாது.

இன்னொன்று, முழங்காலின் கீழ் தலையணை. அன்பாகத்தான் வைக்கிறோம். ஆனால் முழங்கால் மடங்கியே இறுகிவிடும், பிறகு கால் மாட்டுவதே கஷ்டம். நீட்டி வைக்க வேண்டும்.

புண் ஆறும்வரை ஊன்றுகோல் என்றேன். "கோழிக்கு ஆரு தீன் போடுற?" என்றார். கேட்டுக்கொண்டிருந்த மகன் பேசாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.