காத்திருக்கும் குழந்தை

காத்திருத்தல் நம் மக்களுக்குப் புதிதன்று. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் வரையில் காத்திருந்தோம். பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியுடன் காத்திருந்தோம். சம்பள நாளில் மேசைக்கு முன்னே காத்திருந்தோம். தண்ணீர்க் குழாயடியில் குடத்துடன் காத்திருந்தோம். தோட்டத்திலே பிறந்து வளர்ந்த என் போன்றவர்களுக்கு வரிசை என்றால் அது பிழைப்பின் வரிசை. இன்று காலம் மாறியிருக்கிறது. நாமே பணங்கொடுத்துச் சீட்டு வாங்கி, இன்பத்திற்காக வரிசையில் நிற்கிறோம். உல்லாசப் பூங்காக்களைத்தான் சொல்லுகிறேன். அங்கே பெரியவர்கள் நிற்பது அவரவர் விருப்பம். இரண்டு வயதுக் குழந்தை நிற்பது யாருடைய விருப்பம்? நாற்பது நிமிட நேரம் அக்குழந்தையை நாம் எப்படி வைத்துக்கொள்ளுகிறோம் என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆயினும், குழந்தையை ஒரு மனித உயிராக மதிக்கிறோமா, அல்லது கையிலுள்ள மூட்டைகளில் ஒன்றாக எண்ணுகிறோமா என்பது அந்த நாற்பது நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

முந்திய தலைமுறையினர் கண்ட உல்லாசப் பூங்காக்கள் வேறு விதமானவை. சிங்கப்பூரில் 1923-ஆம் ஆண்டு நியூ வோர்ல்டும், 1930-களில் கிரேட் வோர்ல்டும் ஹாப்பி வோர்ல்டும் தோன்றின. வாயிலில் சீட்டு வாங்கி உள்ளே நுழைந்தால், கூத்துக் கொட்டகை, குத்துச்சண்டை மேடை, பலகாரக் கடை, சுற்று ராட்டினம் என்று கால் போன போக்கில் திரியலாம். குழந்தை அழுதால் அடுத்த கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அந்த 'உலகங்கள்' இன்று இல்லை. 2010-இல் சிங்கையின் செந்தோசாத் தீவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வந்தது. 2012-இல் ஜொகூரில் லெகோலாண்ட் வந்தது. 2022-இல் கெந்திங் மலைமேல் ஸ்கைவோர்ல்ட்ஸ் வந்தது. இவற்றிலே பெரிய சவாரிகள் சில; ஏற விரும்புவோரோ பல்லாயிரவர். ஆகவே வரிசை பிறந்தது. செந்தோசாவுக்கு 1972-க்கு முன் வழங்கிய பெயர் பூலாவ் பிளாக்காங் மாத்தி. அப்பெயரிலே மரணம் இருந்தது. இன்றைய பெயர் நம் சந்தோஷம் என்ற சொல்லுக்கு உறவானது. மலாய் மொழியில் அதற்கு அமைதி என்று பொருள். மாலை மூன்று மணிக்கு அத்தீவின் வரிசையொன்றில் களைத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவருக்கு அமைதி, சந்தோஷம் இரண்டும் எட்டாதவையாகவே தோன்றும்.

வரிசையின் இயல்பை முதலில் அறிந்துகொள்வது நல்லது. ஒரு சவாரி மணிக்கு 800 பேரை ஏற்றிச் செல்லுமாயின், நமக்கு முன்னே 400 பேர் நின்றால் அரை மணி நேரம் ஆகும். நாம் முணுமுணுப்பதாலோ முண்டுவதாலோ அந்தக் கணக்கு மாறாது. வரிசையைப் பாம்பு போல் மடித்து மடித்து விட்டிருப்பதால் அதன் முழு நீளமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரியவர்களுக்கு ஒரு பலகை இருக்கிறது. '40 நிமிடம்' என்று அதில் எழுதியிருக்கும். குழந்தைக்கு அந்தப் பலகை இல்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு 'இப்பொழுது' தெரியும், 'இல்லை' தெரியும், 'பிறகு' என்பது இன்னும் பிடிபடாத சொல்.

காத்திருப்பின் மனநிலையைப் பற்றி டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-இல் ஒரு கட்டுரை எழுதினார். வேலையோடு கழியும் நேரத்தைவிடச் சும்மா கழியும் நேரம் நீண்டதாகத் தோன்றும். முடிவு தெரியாத காத்திருப்பு மேலும் நீளும். நியாயமான காத்திருப்பைவிட நியாயமற்ற காத்திருப்பு நீண்டதாகத் தோன்றும் என்பது அவர் கருத்து. அவர் வாடிக்கையாளரை மனத்தில் வைத்து எழுதினார். குழந்தைக்கு அது இன்னும் பொருந்தும். ஏனெனில் குழந்தைக்குச் செய்ய வேலையில்லை, முடிவும் தெரிவதில்லை. என் பேத்தியோடு ஒரு வரிசையில் நின்றபொழுது, அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். என் கண்ணுக்குத் தெரிந்தவை முழங்கால்கள், தொங்கும் பைகள், இரும்புக் கம்பி, இவ்வளவே. மேலே நிற்பவர்கள் கோபுரத்தையும் கொடிகளையும் கண்டு களிக்கிறார்கள். அவளோ கால்களின் காட்டிலே நிற்கிறாள். காற்றும் அங்கே குறைவு. அவள் அழுதால் அதற்குப் பிடிவாதம் என்று பெயரிடுவது அறிவுடைமை ஆகுமா?

அழும் குழந்தையை அடக்க நம்மவர் கையாளும் வழிகள் மூன்று. முதலாவது பயமுறுத்தல். "அழுதால் அந்தப் போலீஸ்காரன் பிடித்துக்கொண்டு போவான்" என்று ஒரு தாய் சொல்ல, அருகில் நின்ற காவலாளி சங்கடத்தோடு சிரித்ததை நான் கண்டிருக்கிறேன். பூச்சாண்டியும் முனியும் போய்ச் சீருடைக்காரர் வந்ததைத் தவிர வேறு முன்னேற்றம் இதில் இல்லை. நாளைக்குக் கூட்டத்தில் வழி தவறினால் அக்குழந்தை யாரிடம் ஓட வேண்டுமோ, அவரையே பேயாக்கி வைக்கிறோம். 

இரண்டாவது கைத்தொலைபேசி. இதை வெறுத்துத் தள்ளுவோர் பலர்; நான் அவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிவுரையில், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை பார்த்தல் வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும் கூறப்பட்டிருக்கிறது. ஒரு நாள் முழுவதும் மூன்று வரிசைகளில் திரையையே கொடுத்தால் அந்த அளவு நண்பகலுக்குள் தீர்ந்துவிடும். அதே அறிவுரை வேறொன்றும் சொல்லுகிறது: தள்ளுவண்டியில் குழந்தையைக் கட்டிவைப்பது ஒரே தொடர்ச்சியாக ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. திரையைக் கண்டிப்போர் பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

மூன்றாவது வழியே மிகவும் கெட்டது, அது பொய். "இதோ வந்துவிட்டது", "ஐந்தே நிமிடம்" என்று நாற்பது நிமிடமும் சொல்லிக்கொண்டிருப்பது. இதனால் என்ன கெடும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 3 முதல் 5 வயதுள்ள 28 குழந்தைகளைக் கொண்டு நடத்திய சோதனை ஒன்று 2013-இல் வெளியாயிற்று. "நல்ல வண்ணக் குச்சிகள் கொண்டுவந்து தருகிறேன், பொறு" என்று எல்லோருக்கும் சொல்லப்பட்டது. பாதிப் பேருக்குச் சொன்னபடியே வந்தது; மற்றப் பாதிக்கு வெறுங்கையே வந்தது. பிறகு ஒவ்வொரு குழந்தையின் முன்னும் ஒரு மிட்டாயை வைத்து, "நான் திரும்பி வரும்வரை தின்னாமலிருந்தால் இரண்டு" என்றனர். காத்திருக்க வேண்டிய நேரம் 15 நிமிடம். சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரி 12 நிமிடம் பொறுத்தன; ஏமாற்றப்பட்டவை 3 நிமிடமே பொறுத்தன. முன்னதில் 14 பேரில் 9 பேர் இறுதிவரை காத்தனர். பின்னதில் 14 பேரில் ஒருவரே. ஆக, பொறுமை என்பது குழந்தையின் குணம் மட்டுமன்று. அது பெரியவரின் நாணயத்தைப் பொறுத்தது. பொய் கேட்ட குழந்தை பொறுக்காமலிருப்பது அதன் அறிவைக் காட்டுகிறது.

இந்தச் செய்தியைப் படித்தபொழுது என் தாயாரை நினைத்துக்கொண்டேன். அவர் பால்மரம் வெட்டப் போனவர். விடியுமுன் என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, "பால் நிறுத்ததும் வந்துவிடுவேன்" என்பார். மணி எத்தனை என்று அவர் சொன்னதில்லை. சொன்னாலும் எனக்கு விளங்கியிராது. ஆனால் காண்டா வாளிகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை எனக்குத் தெரியும். அந்த ஓசை நிறுக்கும் கொட்டகைப் பக்கமிருந்து கேட்டால், இன்னும் கொஞ்ச நேரத்தில் அம்மா வருவாள். வந்தாள், ஒரு நாளும் தவறியதில்லை. மழை பிடித்து வேலை நின்ற நாளிலும், நனைந்த தலையோடு முன்னதாகவே வந்து நின்றாள். எழுத்தறியாத அந்த அம்மையார் எனக்கு ஒரு கடிகாரம் செய்து கொடுத்திருக்கிறார் என்பதை இந்த வயதிலேதான் உணர்கிறேன்.

அந்தக் கடிகாரத்தையே பேத்திக்கும் செய்து பார்த்தேன். நிமிடங்களை விட்டுவிட்டு வளைவுகளை எண்ணத் தொடங்கினோம். வரிசையின் முதல் திருப்பத்திற்கு 'அத்தை வீட்டு முனை' என்று பெயர் வைத்தோம். அடுத்தது 'பூனை முனை'. அதற்கடுத்தது 'மாமா முனை'. ஒவ்வொரு முனையிலும் ஒரு துண்டு வாழைப்பழம் அல்லது ஒரு மிடறு தண்ணீர். "தாத்தா, பூனை வந்துச்சா?" என்று அவளே கேட்டாள். இன்னும் இரண்டு முனை என்றால் இரண்டே முனை. அதில் நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இடையில் வரிசை நின்றுவிட்டால், "நின்றுவிட்டது, நாமும் நிற்போம்" என்று உள்ளபடி சொன்னேன். முனைகளுக்கு நடுவே, நம் பாட்டிமார் அறிந்த விளையாட்டுக்களே போதுமானவையாயிருந்தன. உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, விரல் விரலாக ஊட்டி, கடைசியில் நண்டை அக்குள் வரை ஊரவிடும் விளையாட்டுக்குக் காசு வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வெயில் விழும் இடங்களில் தரையிலே கைநிழலால் மானும் கொக்கும் செய்தோம். கால்காட்டைவிட்டு உலகைப் பார்க்க உப்பு மூட்டை ஏற்றினேன். என் முதுகு களைத்தபொழுது மாப்பிள்ளை ஏற்றிக்கொண்டார்.

மாப்பிள்ளை ஏற்றிக்கொண்டார் என்பதை வேண்டுமென்றே எழுதுகிறேன். அவ்வரிசையில் நான் கண்ட குடும்பங்கள் பலவற்றில், குழந்தையும் பாலும் பையும் தாயிடத்தில். தந்தையின் இரு கைகளும் தொலைபேசியில். இன்பச் சுற்றுலா அந்தத் தாய்க்கு இன்னொரு வேலை நாளாய் முடிகிறது. பல பூங்காக்களில், பெற்றோரில் ஒருவர் ஏறி இறங்கும் வரை மற்றவர் குழந்தையோடு இருந்து, பின்பு மீண்டும் வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளும் வசதி உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். முதலில் ஏற வேண்டியவர் தாய்.

எங்களுக்குப் பின்னால் மலாய் மூதாட்டி ஒருவர் நின்றார். பேத்தி தலையைத் திருப்பியதும், முக்காட்டு நுனியால் முகத்தை மறைத்து, "பா... பா... ச்சாக்!" என்றார். நம் கண்ணாமூச்சிதான்! முன்னால் நின்ற சீனச் சிறுவன் தன் விசிறியைக் காட்டினான். பதினைந்து நிமிடம் போனதே தெரியவில்லை. ஒருவருக்கொருவர் பெயர்கூடத் தெரியாத மூன்று குடும்பங்களை ஒரு குழந்தை சேர்த்து வைத்தது. எல்லோருக்கும் திரையிருந்தால் இது நடந்திராது.

அப்பொழுது பக்கத்துப் பாதையில் சிலர் எங்களைக் கடந்து விரைந்து போனார்கள். கூடுதல் பணம் கட்டினால் விரைவு வரிசைச் சீட்டு உண்டு. ஆறு வயதுப் பேரன், "அவங்க ஏன் முந்திப் போறாங்க?" என்று கேட்டான். அதிகப் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். "அப்போ வரிசை எதுக்கு?" என்றான். முன்னே வந்தவர் முன்னே போவது என்ற சமநீதிதான் வரிசையின் உயிர் என்பதை யாரும் கற்பிக்காமலே அவன் கண்டுகொண்டான். பணத்தால் முந்துவது அங்கே அனுமதிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் நீ கேட்டது சரியான கேள்வி என்று சொன்னேன். குழந்தையின் நியாய உணர்ச்சியை மழுப்பி அணைத்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் ஆராய வேண்டும். இரண்டு வயதுப் பெண் குழந்தையின் உயரம் சுமார் 86 சென்டிமீட்டர். வேகச் சவாரிகள் சில 102 கேட்கின்றன; சில 122 கேட்கின்றன. ஏற முடியாத சவாரிக்குக் குழந்தையை ஏன் நிறுத்த வேண்டும்? சிறு பிள்ளைக்குச் சீட்டு இலவசம் என்பதால் நாள் முழுவதும் இழுத்துத் திரிவது இலாபமாகாது. வாயில் திறந்தவுடன் போய், பொருத்தமான இரண்டு மூன்றைப் பார்த்துவிட்டு, உச்சி வெயிலுக்கும் பிற்பகல் இடிமழைக்கும் முன்னே திரும்புவது மேல். பூங்கா நடத்துவோருக்கும் கடமையுண்டு. ஃப்ளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவில் 2012-இல் பறக்கும் யானைச் சவாரிக்கு ஒரு விளையாட்டுக் கூடம் கட்டினார்கள். முறை வந்ததும் அழைக்க ஒரு கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, குழந்தைகளை உள்ளே ஓடியாட விட்டார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா? நிழலும் இருக்கையும் விளையாட இடமும் கேட்பது பிச்சையன்று. சீட்டுக்குக் கொடுத்த பணத்தின் உரிமை.

நேயர்களே! குழந்தை அன்றைய சவாரியை மறந்துவிடும். மூன்று வயதுக்கு முன் நடந்தவை நம்மில் யாருக்கு நினைவிருக்கின்றன? ஆயினும், பெரியவர்கள் சொன்னால் சொன்னபடி நடக்கும் என்ற நம்பிக்கை அதன் உள்ளத்தில் தங்கிவிடும். தங்காமல் போனாலும் போகும். பள்ளியில், வேலையில், வாழ்க்கையில் நாளை அது காத்திருக்கப் போகும் காலமெல்லாம் அந்த நம்பிக்கையின்மேல்தான் நிற்கும். ஆகவே வரிசையில் நிற்கும்பொழுது குழந்தையிடம் ஒன்றைச் சொல்லுமுன் முன்னே உள்ள வளைவுகளை எண்ணிப் பாருங்கள். மூன்று இருந்தால் மூன்று என்றே சொல்லுங்கள்.