231 காலடி தூரத்தில் ஒரு சத்தம்

தேசிய பாதுகாப்பு அகாடமி நுழைவுத்தேர்வைப் பெண்களும் எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது 2021 ஆகஸ்ட் 18-ல். நவம்பர் 14-ல் தேர்வு. என்.சி.சி. பார்த்துக்கொண்டிருந்த சக ஆசிரியர் எனக்கு போன் செய்தார். "மிஸ், பதினோரு பிள்ளைங்க எழுதுறாங்க. நாலு பேர் பொண்ணுங்க. பிசிக்ஸ் மட்டும் நீங்க சொல்லிக்கொடுங்க."

நான் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. கொரோனா பயத்தில் வாசல் தாண்டாமல் இருந்த நேரம். பிள்ளைகளோ திருமங்கலம், செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். பள்ளி திறந்திருந்தாலும் சாயங்காலம் யாரையும் உட்கார வைக்க முடியாது. ஆன்லைன்தான் ஒரே வழி.

அந்தத் தேர்வில் கணக்குக்கு 300 மதிப்பெண், பொது அறிவுத் தாளுக்கு 600. அந்த 600-ல் ஏறக்குறைய 100 இயற்பியலுக்கு. தப்பாக எழுதினால் அந்தக் கேள்விக்கான மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். என் பிள்ளைகளில் பாதிப்பேர் தமிழ்வழி.

உற்சாகமாகக் கிளம்பினேன். வெள்ளைப் பலகை வாங்கி, மாடி அறையில் மாட்டி, மகனை கேமரா பிடிக்கச் சொல்லி, 45 நிமிடத்துக்கு நியூட்டன் விதிகளை நடத்தி முடித்தேன். பழைய வகுப்பறை திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு. மறுநாள் விசாரித்தால் பார்த்தவர்கள் மூன்று பேர். "அப்பா போன் மிஸ். ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வரும். அதுக்குள்ள டேட்டா தீர்ந்துடுது" என்றாள் ஒருத்தி.

பலகை மாடியிலேயே கிடந்தது. வாட்ஸ்அப்பில் ஆறு நிமிட ஆடியோ, நோட்டில் நான் எழுதிய ஒரே ஒரு பக்கத்தின் போட்டோ என்று மாற்றினேன். கேள்வியை ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் விளக்கம், மறுபடி ஆங்கிலத்தில் ஒருமுறை. பதிலையும் குரலிலேயே அனுப்பச் சொன்னேன். எழுத்தில் தெரியாத தயக்கம் குரலில் தெரிந்துவிடும். எந்த வார்த்தையில் தடுக்குகிறார்கள் என்று கேட்டாலே போதும், அடுத்த நாள் பாடம் அதுதான்.

கேடட்டுகள்தானே என்று துப்பாக்கிக் கணக்கில் ஆரம்பித்தேன். 4 கிராம் தோட்டா விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் போனால், 4 கிலோ துப்பாக்கி விநாடிக்கு 0.9 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். தோளோடு அழுத்திப் பிடித்தால் உங்கள் உடம்பு எடையும் அதோடு சேர்ந்துகொள்ளும், உதை குறையும் என்றேன். போன் கிடைக்காத அந்தப் பொண்ணு குரல் அனுப்பினாள்: "மிஸ், கேம்ப் எல்லாம் நின்னுபோச்சு. நான் இன்னும் சுட்டதே இல்ல. ஆனா கிணத்து மோட்டார் போட்டதும் ஹோஸ் பின்னாடி துள்ளுமே, அதே மாதிரியா?" அதே மாதிரிதான். அன்றிலிருந்து துப்பாக்கியை விட்டுவிட்டு ஹோஸைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் வீட்டில் மல்லிகைத் தோட்டம். விடியுமுன் பூ எடுக்கும்போது இயர்போனில் என் பாடத்தைக் கேட்பாளாம்.

ஒருநாள் அணிவகுப்பை வைத்து ஒலியைச் சொன்னேன். நிமிடத்துக்கு 120 அடி வைத்தால், அரை விநாடிக்கு ஓர் அடி. முரசு முன்னால் அடிக்கிறது. அதன் சத்தத்தை மட்டும் கேட்டுக் கால் வைப்பவன் 170 மீட்டர் பின்னால் இருந்தால், முன்னவன் இடதுகால் வைக்கும்போது இவன் வலதுகால் வைப்பான். கூடவே, 1831-ல் இங்கிலாந்தின் பிராட்டன் தொங்குபாலம் சிப்பாய்கள் ஒரே தாளத்தில் நடந்ததில் உடைந்த கதையையும் சொன்னேன். நம்ம ஏ.வி. பாலம் அப்படி ஆடாதா என்று ஒரு பையன் கேட்டான். கமான் வைத்துக் கட்டியது, பயப்படாமல் போ என்றேன்.

பயிற்சிக்காக, சில்வர் தட்டில் நிமிடத்துக்கு 120 தட்டு தட்டி ஓர் ஆடியோவும் அனுப்பியிருந்தேன்.

அவள் அதை ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். தம்பி ஆடியோவைக் கேட்டபடி தட்டைத் தட்ட, இவள் விலகி நடந்திருக்கிறாள். கை விழுவதும் சத்தம் கேட்பதும் முதலில் பிசகி, தூரம் போகப் போக மறுபடி ஒன்று சேர்ந்த இடத்தில் நின்றாள். 231 காலடி. தன் காலடியை டேப் வைத்து முன்பே அளந்திருந்தாள், 76 செ.மீ. கணக்குப் போட்டால் ஒலியின் வேகம் விநாடிக்கு 351 மீட்டர்.

"தப்பு. 340-தான். காலடியை எண்ணினதில் பிசகியிருப்பாய்" என்று பதில் போட்டேன். முப்பது வருடப் பழக்கம். "சரி மிஸ்" என்றாள், அவ்வளவுதான்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. பூஜ்ஜியம் டிகிரியில் 331, ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 கூடும். இதை எத்தனை வருடம் நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! மதுரை வெயில் 32 டிகிரி என்று வைத்தால் 350. கண்மாய்க்கரையில் தட்டையும் காலையும் வைத்து அவள் சரியாகவே அளந்திருக்கிறாள். விடியும் முன்னே, பூ எடுக்கும் நேரம் பார்த்து, குரல் அனுப்பினேன்: "நீதான் சரி. மிஸ் தப்பு." பதிலுக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது, பின்னால் யாரோ பூக்கூடையை நகர்த்தும் சத்தத்தோடு.

அவள் தேர்வில் தேறவில்லை. கணக்கு காலை வாரிவிட்டது. மற்ற பத்துப் பேரிலும் யாரும் தேறவில்லை. இதை மறைக்க எனக்கு மனமில்லை. ஏழெட்டு வாரத்தில் ஆடியோ அனுப்பி அகாடமிக்கு ஆள் அனுப்பிவிடலாம் என்று நினைத்தது என் பேராசை.

2025 மே 30-ல் கடக்வாஸ்லாவில் முதல் பெண்கள் அணி, 17 பேர், பயிற்சி முடித்து நடந்ததை டிவியில் பார்த்தேன். அன்று சாயங்காலம் அவளே போன் செய்தாள். பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருந்தாள். அணிவகுப்பைப் பற்றிப் பேசுவாள் என்று காத்திருந்தேன்.

"மிஸ், அந்தத் தட்டு ஆடியோ இருக்கா? தம்பி என்.சி.சி.ல சேர்ந்திருக்கான். அவனுக்கு வேணும்."

போன் மாற்றியதில் பழையது எல்லாம் போயிருந்தது. தேடிப் பார்த்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுக்களையில் போய் அதே சில்வர் தட்டை எடுத்தேன். கடிகாரத்தைப் பார்த்து, விநாடிக்கு இரண்டு.

"என்னக்கா, இந்நேரத்துல தட்டு சத்தம்?" என்று பக்கத்து வீட்டு ஜன்னலில் இருந்து கேட்டார்கள்.

"ஒரு நிமிஷம் பொறுங்க" என்றேன், தாளம் தப்பாமல்.