ஜாதி நாயா?

"அது ஜாதி நாயா?"

நாய்க்கு வீடு தேடிப் போகிறவன் காதில் முதலில் விழுகிற கேள்வி இதுதான். ஊசி போட்டாச்சா, நோய் நொடி இருக்கா, குழந்தைங்களோட பழகுமா என்பதெல்லாம் அப்புறம். செங்கல்பட்டிலும் மாமல்லபுரம் கரையோரத்திலும் நாலு மாசம் ஒரு நாய்க்காக அலைந்தேன். அல்சேஷன், லாப்ரடார் என்றால் ஜாதி நாய். இராஜபாளையம், சிப்பிப்பாறை என்றாலும் ஜாதி நாய். மற்றதெல்லாம் தெரு நாய். வயசானவர்கள் சிலர் தெரு நாய் என்றுகூடச் சொல்வதில்லை. என் முகத்துக்கு நேராகவே, "ஓ, பறநாயா?" என்கிறார்கள். பறையன் வீட்டுப் பிள்ளை எதிரில் நிற்கிறான் என்று தெரிந்து சொல்கிறவர்களும் உண்டு, தெரியாமல் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அந்த நாய் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் அடிபட்டுக் கிடந்தது. சித்தாள் வேலைக்குப் போய்த் திரும்பிய எங்கள் காலனிப் பெண்கள்தான் பார்த்தார்கள். சிமெண்டு சாக்கை விரித்து அதில் தூக்கிப் போட்டு, குட்டியானை வண்டியில் ஏற்றி, திருக்கழுக்குன்றம் வழியாகக் கொண்டு வந்து என்னிடம் விட்டார்கள். படித்தவன், நாலு பேரைத் தெரிந்தவன் என்று. பின்னங்கால் எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்தாயிற்று. செவலை நிறம். பொட்டை. கொஞ்சம் நொண்டும். சோற்றுத் தட்டில் கை விட்டாலும் உறுமாது. கட்டுப் பிரிக்கும்போது வலியில் முனகியதே தவிர, டாக்டர் கையைப் பல்லால் தொடவில்லை. அவ்வளவு சாது.

நானே வைத்துக்கொண்டிருப்பேன். நான் இருப்பது வாடகை வீடு. அந்த வீட்டைப் பிடிக்கவே பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேரடியாகக் கேட்டவர்கள் சிலர். "நாங்க சைவம்ங்க" என்று சுற்றி வளைத்தவர்கள் பலர். சொந்த ஊர், அப்பா பேர், கும்பிடுகிற சாமி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கடைசியில் "வேற ஆள் அட்வான்ஸ் குடுத்துட்டாங்க" என்றவர்களும் உண்டு. அதனால் நாய்க்கு வீடு தேடப் போனபோது இந்தக் கதவுகளெல்லாம் எனக்குப் பழக்கமானவையாகவே இருந்தன. எனக்குச் சுற்றி வளைத்துக் கேட்டதை நாய்க்குப் பட்டென்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு சொல்லின் கதையைச் சொல்ல வேண்டும். பறை அடித்த மக்களின் பெயரை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போய், 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் 'பரையா' என்று தன் மொழியில் சேர்த்துக்கொண்டான். பிறகு இந்தியத் தெருக்களில் திரிந்த நாட்டு நாய்களுக்கும் 'பரையா டாக்' என்று பேர் வைத்தான். உலகத்து அகராதிகளில் அது ஏறிவிட்டது. இப்போது நாய்ப் பிரியர்கள் 'இண்டி' என்கிறார்கள். நல்லது. நாய்க்கு மரியாதையான பேர் கிடைத்துவிட்டது. எங்கள் குடியிருப்புகளைக் குறிக்கும் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழக முதலமைச்சர் அறிவிக்க 2025 ஏப்ரல் வரை ஆனது. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் பத்திரிகைக்கு 'பறையன்' என்றே பேர் வைத்தார். இழிவு என்று எதை எறிந்தார்களோ அதையே எடுத்துத் தலைப்பில் அச்சடித்தார்.

நாயையும் எங்களையும் சேர்த்துக் கட்டியது வெள்ளைக்காரன் மட்டுமல்ல. மனுதர்மத்தின் பத்தாம் அத்தியாயம், சண்டாளருக்கு ஊருக்கு வெளியேதான் குடியிருப்பு, நாயும் கழுதையும்தான் சொத்து என்கிறது. அந்தச் சொத்திலும் கை வைத்தார்கள். தென்மாவட்டங்களில் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற தடை இருந்ததைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் வெளியே கொண்டு வந்தன. சேரி நாய் ஊர் நாயோடு சேர்ந்துவிடுமாம்! 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிக் கொல்வதைப் பார்த்துப் பலர் அதிர்ந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அதில் அதிர்ச்சியைவிட ஞாபகம்தான் அதிகம்.

1927இல் மகாத் நகரத்துச் சவதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தபோது, ஆடு மாடும் நாயும் வாய் வைத்த தண்ணீரில் மனிதனுக்கு உரிமை இல்லாமல் இருந்தது. 1931இல் காந்தியைச் சந்தித்தபோதும், பூனை நாயைவிடக் கேவலமாக எங்களை நடத்துகிற நாட்டை எப்படித் தாய்நாடு என்பேன் என்ற பொருளில்தான் கேட்டார். இதைச் சொன்னால் சில தோழர்கள், "அப்புறம் எதுக்கு நாய்க்குப் பரிஞ்சுக்கிட்டு அலையுறே?" என்கிறார்கள். அம்பேத்கர் கேட்டது குடிக்கும் உரிமையை. நாய் வாயிலிருந்து தண்ணீரைப் பிடுங்கச் சொல்லவில்லை.

வீடு தேடிய கதைக்கு வருகிறேன். கடலோரப் பங்களாக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். நாய் அவர் காலடியில் படுத்து வாலாட்டியது. "கொரைக்காத நாய வச்சிக்கிட்டு என்னங்க பண்றது?" என்று கிளம்பிவிட்டார். அவருக்குத் தேவை சம்பளம் இல்லாத வாட்ச்மேன். இன்னொரு குடும்பம் "பொட்டை வேணாம்" என்றது. கருத்தடை ஆனது என்று சொல்லியும் கேட்கவில்லை. இன்னொருவர் நொண்டுவதைப் பார்த்து ராசி இல்லை என்றார்.

பிறகு நாய்களுக்கு வீடு தேடித் தருகிற ஒரு குழுவிடம் போனேன். நல்ல மனசுக்காரர்கள். நாய்க்குப் பிரவுனி என்று பேர் வைத்தார்கள். ஒரு படிவம் கொடுத்தார்கள். சொந்த வீடா? காம்பவுண்டு சுவர் உண்டா? மாத வருமானம் என்ன? வீட்டின் போட்டோ? அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. வாங்கிப் போய்ச் சங்கிலியில் கட்டிப் பட்டினி போடுகிறவர்களும், அலுத்ததும் ரோட்டில் விட்டுவிடுகிறவர்களும் நிறைய.

இதற்கிடையே, கால் ஆறும்வரை இருக்கட்டும் என்று காலனியில் ஒரு ஆயா வீட்டில் நாயை விட்டிருந்தேன். ஆயா தனிக்கட்டை. கூரை ஒழுகும் தொகுப்பு வீடு. நூறு நாள் வேலைக்குப் போய் வரும். அது நாயைச் 'செவலி' என்றது. ராத்திரி மீந்த சோற்றில் கருவாட்டுத் தலையைப் பிசைந்து வைக்கும். நாய் வேலிப் படலுக்கு வெளியே ஓடவில்லை. ஆயா வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு முனைவரை நொண்டிக்கொண்டு போய் நிற்கும். ஆயா பேரிலேயே படிவத்தை நிரப்பலாம் என்று ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஆயா சொன்னது:

"இன்னா நைனா, நாய் வளக்கக்கூடப் பட்டா கேக்குறாங்களா?"

சிரித்துவிட்டேன். ஆனால் செங்கல்பட்டுச் சீமையில் பட்டா என்ற சொல்லைச் சும்மா சொல்ல முடியாது. 1891இல் இங்கே கலெக்டராக இருந்த திரமென்கீர், செங்கல்பட்டுப் பறையர்கள் நிலம் இல்லாமல் படும் பாட்டை அறிக்கையாக எழுதினார். அதன் பிறகுதான் 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. கொடுத்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போனது. கரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள். இந்த மண்ணில் 'சொந்த வீடா, காம்பவுண்டு உண்டா' என்று கேட்டால், கேட்கிறவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், யாரை வடிகட்டும் என்று சொல்லத் தேவையில்லை. அன்பாக வளர்ப்பார்களா என்று பார்க்க எழுதிய படிவம், நிலம் இருக்கிறதா என்று பார்க்கிறது.

நாய்க்கடியை நான் லேசாகப் பேசவில்லை. கடிபடுகிறவர்களில் வாசலில் படுத்துறங்குகிற, தெருவில் விளையாடுகிற ஏழைப் பிள்ளைகள் நிறைய. கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும் என்பதை ஒவ்வொரு சேரியிலும் சொல்ல வேண்டும். வெறிநோய் வந்த பிறகு காப்பாற்ற வழி கிடையாது. என் மாமா ஒருவர் ஒரு நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. அந்தக் காலத்தில் நாய் பிடித்துக் கொல்ல அவரைத்தான் அனுப்பினார்கள். சுருக்குக் கம்பியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, எங்கள் தெரு நாய்களுக்குச் சோறு வைப்பார். பாவத்துக்குப் பரிகாரம் என்பார். கொல்லச் சொன்னவர்கள் யாரும் பரிகாரம் செய்ததாகத் தெரியவில்லை.

2001 விதிகள் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு வந்தன. 2023 விதிகள் தெரு நாயைச் சமூக விலங்கு என்கின்றன. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெரு நாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொன்ன உச்சநீதிமன்றம், பதினோரு நாளில் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அந்தந்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. விரும்புகிறவர்கள் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம் என்றும் சொன்னது. அந்த விண்ணப்பத்தை யார் எழுதுவார்கள், அதில் என்ன கேட்பார்கள் என்பதுதான் என் கவலை.

மாமல்லபுரத்தில் தருமராஜ ரதத்தின் முன்னால் கூட்டம் போட்டோ எடுக்கிறது. தருமன் கடைசிவரை கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குள் வரமாட்டேன் என்றான் என்பது பாரதக் கதை. பெருமையாகச் சொல்கிறோம். கதையின் முடிவில் அந்த நாய் நாயே இல்லை, தருமதேவதையாம். வெறும் நாயாகவே இருந்தால் கதவு திறந்திருக்குமா என்று கதை சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததில்லை.

படிவத்தை நான் கொடுக்கவில்லை. செவலி ஆயாவிடமே இருக்கிறது. வருசா வருசம் ஊசிக்கு நான் கூட்டிப் போவது என்று பேச்சு. குழுவினருக்கும் கடிதம் எழுதினேன், சண்டையாக அல்ல. சுவரையும் வருமானத்தையும் எடுத்துவிட்டு மூன்று கேள்வி போதும்: பகலில் நாயோடு யார் இருப்பார்கள்? ஊசிக்கு யார் கூட்டிப் போவார்கள்? நீங்கள் படுத்துவிட்டால் யார் சோறு வைப்பார்கள்? எங்கள் தெருக்களில் மூன்றாவது கேள்விக்கு ஒரு பேர் அல்ல, பத்துப் பேர் வரும். ஒரு பெண் நேரில் வந்து பார்த்து, ஆயா போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த நாய்க்கு இந்தக் காலனியில் வீடு கிடைக்குமா என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஜாதி நாயா என்று இங்கே இதுவரை யாரும் கேட்கவில்லை.