பகலில் விழித்திருக்கும் ஆந்தை

113 ஆண்டுகள் 'காணாமல்' போயிருந்த அபூர்வப் பறவையை இப்போது மும்பையிலிருந்து காலையில் கிளம்பினாலே பார்த்துவிடலாம்

ஆந்தையைப் பார்க்க வேண்டுமானால் இருட்டிய பிறகு டார்ச் விளக்குடன் போக வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. மும்பைக்கு வடகிழக்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் இருக்கும் தான்சா வனவிலங்கு சரணாலயத்தில் இந்த நம்பிக்கை பொய்த்துப் போகிறது. அங்கு வரும் பறவை ஆர்வலர்கள், குளிர்கால வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் இலை உதிர்ந்த தேக்கு மரங்களின் உச்சியைத்தான் பைனாகுலரில் துழாவுகிறார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் அங்கே ஒரு குட்டி ஆந்தை வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

அதுதான் ஃபாரஸ்ட் அவுலெட் எனப்படும் காட்டுச் சிற்றாந்தை. இந்தியாவைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை. உயரம் ஒரு சாண். பல்லி, அரணை, எலி ஆகியவைதான் ஆகாரம்.

இதன் கதை துப்பறியும் நாவலுக்குச் சளைத்ததல்ல. காங்கிரஸ் கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான ஏ.ஓ. ஹியூம் 1873இல் இதற்குப் பெயர் சூட்டினார். பிறகு கான்தேஷ் பகுதியில் ஜேம்ஸ் டேவிட்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி சில பறவைகளைச் சுட்டுப் பதப்படுத்தினார். 1884க்குப் பிறகு ஒன்றுகூடச் சிக்கவில்லை. 1914இல் தபதி நதிக்கரையில் உள்ள மாண்ட்வியில் ஒன்றைப் பிடித்ததாக கர்னல் மைனர்ட்ஸ்ஹேகன் மட்டும் சொல்லிக்கொண்டார். அதை நம்பி 1970களில் அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளி நடத்திய தேடல் வீணானது. பறவை அழிந்தே போய்விட்டது என்று பலரும் முடிவு கட்டினார்கள்.

அழிந்திருந்தது பறவையல்ல, பதிவின் நேர்மை. மைனர்ட்ஸ்ஹேகன் காட்டிய பறவை, டேவிட்சன் சேகரித்தவற்றில் ஒன்று. அருங்காட்சியகத்திலிருந்து திருடி, மறுபடி பஞ்சு அடைத்து, புதுச் சீட்டு ஒட்டப்பட்டது. இந்த மோசடியை அம்பலப்படுத்தியவர் அமெரிக்க ஆய்வாளர் பமேலா ராஸ்முசென். பொய்யான மாண்ட்வியை ஒதுக்கிவிட்டு, பழைய உண்மையான சீட்டுகளில் இருந்த இடங்களுக்கே தன் இரு சகாக்களுடன் போனார். 1997 நவம்பர் 25ஆம் தேதி காலை, மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே ஒரு மொட்டை மரத்தில் ஆந்தை உட்கார்ந்திருந்தது!

அதன் பிறகு செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அமராவதி மாவட்டத்தின் மேல்காட் புலிகள் காப்பகம், நந்துர்பார் மாவட்டத்தின் தோரண்மால், மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா காடுகள் என்று சாத்பூரா மலைத்தொடர் நெடுகிலும் பறவை தென்பட்டது. இதன் எல்லை சாத்பூராதான் என்று நினைத்திருந்தவர்களை 2014ஆம் ஆண்டு ஆச்சரியப்படுத்தியது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், மும்பைக்குக் குடிநீர் தரும் தான்சா ஏரியைச் சுற்றிய காட்டில் இந்த ஆந்தை கண்டுபிடிக்கப்பட்டது. குஜராத்தின் டாங் மாவட்டக் காடுகளிலும் இது இருக்கிறது.

மும்பைவாசிகளுக்கு தான்சாதான் வசதி. கசாரா லோக்கலில் ஏறி ஆட்காவ் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து ஆட்டோவிலோ ஜீப்பிலோ போய்விடலாம். அதிக ஆந்தைகள் இருக்கும் இடம் என்றால் மேல்காட். நாக்பூர் பாதையில் பட்னேராவில் இறங்கி, அமராவதி வழியாகப் போக வேண்டும். இரண்டு இடங்களிலும் வனத்துறையின் அனுமதி அவசியம். உள்ளூர் வழிகாட்டியும் கூட இருப்பது நல்லது.

ஆளைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஊர்ப்புறத்தில் சாதாரணமாகத் தென்படும் புள்ளி ஆந்தையும் கிட்டத்தட்ட இதே அளவுதான். புள்ளி ஆந்தையின் தலை முழுக்கப் பளிச்சென்ற வெள்ளைப் புள்ளிகள். காட்டுச் சிற்றாந்தைக்கு அவை மங்கல். மார்பில் அகலமான பழுப்புப் பட்டை, அதன் கீழே தூய வெள்ளை, தடித்த கால்கள், பெரிய நகங்கள். உட்கார்ந்தபடியே வாலை வெட்டி வெட்டி ஆட்டும்.

புதிய இடங்கள் தெரியவந்ததால், 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை 'மிக அபாயத்தில்' என்ற பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கியது. அப்படியும், முதிர்ந்த பறவைகள் ஆயிரத்துக்கும் குறைவு என்பதே மதிப்பீடு. கூடு கட்ட இதற்குப் பொந்துள்ள வயதான மரங்கள் வேண்டும். அவை விறகாகிவிடுகின்றன, காட்டின் ஓரங்கள் வயலாகின்றன, கோடையில் காட்டுத் தீ வேறு. ஆந்தையின் உடலுக்கும் முட்டைக்கும் மந்திர சக்தி உண்டு என்ற மூடநம்பிக்கையும் தன் பங்கைக் கேட்கிறது.

பார்க்கப் போகிறவர்களும் முழுக்க நிரபராதிகள் அல்ல. நல்ல போட்டோ கிடைக்க வேண்டும் என்று, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு ஆந்தையை வரவழைக்கிறார்கள். எதிரி ஆந்தை எல்லைக்குள் வந்துவிட்டதாக எண்ணி அது வேட்டையையும் கூட்டையும் விட்டு ஓடி வருகிறது. அக்டோபர் முதல் மே வரையிலான இனப்பெருக்கக் காலத்தில் இது குஞ்சுகளுக்கே ஆபத்து.

ஒரு பொய்ச் சீட்டை நம்பியதால், இருந்த இடத்திலேயே இருந்த பறவையைத் தவறான இடத்தில் தேடினார்கள். இன்று இடம் தெரியும், நேரம் தெரியும். பறவை இருக்கும்வரை அந்த மரங்கள் நிற்க வேண்டும் என்பதுதான் பாக்கி.