உம்மும்மாவின் வெள்ளிக் காசுகள்

பழைய வெள்ளிக் காசில் கறை படிந்தால் துலக்குவதா, அப்படியே விடுவதா? சிறிய கேள்விதான். ஆனால் ராத்தாவின் நிக்காஹ் நெருங்கிய நாட்களில் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்டது இதுதான்.

உம்மும்மாவின் வாப்பா பொகவந்தலாவை பஜாரில் கடை வைத்திருந்தவர். அவர் விட்டுச்சென்ற 11 காசுகளை உம்மும்மா ராத்தாவுக்குக் கொடுக்க நினைத்தார். 7 இந்திய ரூபாய். 4 இலங்கை ஐம்பது சதம். இலங்கையில் 1872இல் ரூபாயும் சதமும் கணக்குக்கு வந்தபோதும் வெள்ளி ரூபாய் இந்தியாவினதாகவே இருந்தது. 1892 முதல் இலங்கைக்கென 10, 25, 50 சதக் காசுகள் வெள்ளியில் வந்தன. அவற்றின் பின்புறத்தில் தாளிப்பனை நிற்கும்.

எங்கள் ஊர் ஈரக்காற்றில் எல்லாக் காசும் கறுத்திருந்தது. “மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்கள், புளி போட்டுத் தேய்த்துவிடுவோம்” என்றார் உம்மா. சுத்தத்தை ஈமானோடு சேர்த்துச் சொல்லி வளர்க்கும் வீடு எங்களுடையது. கறுத்த பொருளை மணமகள் கையில் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதில் நியாயமும் உண்டு.

ஆனால் அந்தக் கறுப்பு அழுக்குத்தானா? இரசாயனவியல் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளியின் மேற்பரப்பு வெள்ளிச் சல்பைட்டாக மாறுகிறது. முதலில் பொன் மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் கறுப்பு. அதாவது கறுப்பாகத் தெரிவதிலும் காசின் வெள்ளி இருக்கிறது. தேய்த்து எடுத்தால் அந்த வெள்ளியும் சேர்ந்தே போகும். சாம்பலும் பற்பொடியும் மயிரிழை போன்ற கீறல்களையும் விட்டுவிடும். காசு சேகரிப்போர் அதை ஒரே பார்வையில் கண்டுகொள்வர், விலையும் இறங்கிவிடும்.

விலையைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 1911இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் உருவத்தோடு வந்த ரூபாயில், அவருடைய மேலங்கியில் இருந்த சிறு யானை பன்றி போலத் தெரிகிறதென்று இந்திய மக்கள் ஆட்சேபித்தனர். வெளியிடாமல் இருந்த காசுகள் உருக்கப்பட்டன. 1912இல் யானையைத் திருத்தி அச்சிட்டனர். எங்களிடம் 1912ஆம் ஆண்டு ரூபாய் ஒன்று இருக்கிறது. வில்லை வைத்துப் பார்த்தால் அந்தக் குட்டித் தும்பிக்கை தெரியும். ஓர் அரசையே பணியவைத்த கதை அந்த நுண்ணிய கோட்டில் இருக்கிறது. நான்கு முறை துலக்கினால் அது மிஞ்சுமா?

வில்லையை உம்மாவிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். “இதையா நான் தேய்க்கப் பார்த்தேன்!” என்று சிரித்தார்.

பிறகு காசுகளைப் பிரித்தோம். வளையம் பற்றவைத்த இரண்டு ரூபாய் ஏற்கெனவே நகையாகிவிட்டவை. அவற்றை மென்துணியால் துடைத்தோம். ஓர் ஐம்பது சதத்தில் பிளாஸ்டிக் பையிலிருந்து வந்த பச்சைப் பசை இருந்தது. அது காசை அரிக்கக்கூடியது, விட்டுவைக்கக் கூடாது. வாப்பா அடுப்புக்கு எட்டத்தில் வைத்து, தூய அசற்றோனில் ஊறவைத்து அதை நீக்கினார். மற்ற எட்டையும் காய்ச்சி வடித்த நீரில் போட்டெடுத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தினோம். மண்ணும் தூசியும் போயின, கறுப்பு இருந்தது. ராத்தா அதையே விரும்பினாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒரு சுருக்குப்பை இருக்கலாம். காசை விளிம்பில் பிடித்துப் பாருங்கள். இறப்பர் வளையமும் பத்திரிகைத் தாளும் அருகே வேண்டாம். அவற்றிலும் கந்தகம் உண்டு. தனித்தனிக் காகித உறைகளில் ஈரம் படாமல் வையுங்கள். உறையின் மேல் ஆண்டையும், அது யாரிடமிருந்து வந்ததென்பதையும் எழுதுங்கள். சொல்லக்கூடிய மூத்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.