துடுப்பும் துயரமும்

கோவில்பட்டியில் வசிக்கும் ஒருத்தி துடுப்பைப் பற்றி எழுத முன்வந்தால், "கரிசல் காட்டில் கப்பல் ஓட்டுகிறாளோ?" என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைப்பதில் நியாயமும் உண்டு. கோடை வந்துவிட்டால் எங்கள் ஊர் நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பருத்தியும் கம்பும் உளுந்தும் வானத்தைப் பார்த்தே விளைகின்றன. தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் இவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்தனவேயன்றி, தண்ணீர் ஒருநாளும் வாங்கித் தந்ததில்லை. துடுப்பு என்று நான் சொன்னபோது, அடுத்த வீட்டு மதினி உள்ளே போய்க் களி கிண்டும் துடுப்பை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்!

ஆயினும் இவ்வூர்க் குழாயில் வரும் ஜலம் எங்கிருந்து வருகிறது? சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து எடுத்து, குழாய் வழியே இவ்வளவு தூரம் கொண்டுவரப்படுகிறது. அந்தத் தாமிரபரணியோ பொதிகை மலையில் பிறந்து, காரையாறு அணை என்று ஜனங்கள் அழைக்கும் பாபநாசம் அணையில் தேங்கி, பிறகுதான் சமவெளிக்கு இறங்குகிறது. 1940-களில் எழுந்த அந்த அணை நிரம்பினால் நீர்மட்டம் 143 அடி நிற்கும். அவ்வட்டாரக் காட்டில் சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, இஞ்சிக்குழி என்று சில குடியிருப்புகள் உண்டு. அவற்றில் வாழ்பவர்கள் காணிக்காரர்கள், அம்மலையின் ஆதிக்குடிகள். நான் அவர்களில் ஒருத்தி. கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டுக் கரிசலுக்கு வந்து முப்பது வருஷங்கள் ஆகின்றன. சிறு பிராயத்தில் தெப்பத்தில் கடந்த ஜலத்தையே இப்போது வரிசையில் நின்று குடத்தில் பிடிக்கிறேன்.

ஏழெட்டு வயதில் எனக்குத் துடுப்புப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவள் என் அத்தை. நீண்ட மூங்கில்களைக் காட்டுக் கொடியால் வரிந்து கட்டினால் தெப்பம் ஆயிற்று. அதில் ஏறியவுடன் அவள் சொன்ன முதற் பாடம் இதுதான்: ஒரு பக்கம் மட்டும் வலித்தால் தெப்பம் நின்ற இடத்திலேயே வட்டமிடும். பலமாக வலிக்க வலிக்க வேகமாகச் சுற்றுமேயன்றி, ஒரு முழங்கூட முன்னே போகாது. மறுபக்கத்தில் இன்னொருத்தி வேண்டும். அவளும் நம் தாளத்திற்கே வலிக்க வேண்டும். என் பாட்டியும் சில நாட்களில் உடன் வருவாள். நடுநீருக்கு வந்ததும் கையை நீட்டி, பழைய ஆறு அடியிலே எந்த வழியாக வளைந்து போகிறது என்று காட்டுவாள். எங்கள் கண்ணுக்கு விரிந்த நீர்ப்பரப்பு ஒன்றே தெரிந்தது. அவளுக்கோ அதனடியில் பாறையும் கசமும் இறங்கு துறையும் தெரிந்தன.

என் மூத்த மகன் மூன்று வயது வரையில்தான் எங்களோடு இருந்தான். 1999-ஆம் வருஷம் அவனை அழைத்துக்கொண்டு தாய்வீடு போயிருந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. இரவெல்லாம் பெரியவர்கள் கொக்கரையை உரசி ஒலி எழுப்பிச் சாற்றுப் பாட்டுப் பாடினார்கள். ஒரு புறம் பாட்டு நடக்கும்போதே மறுபுறம் இளைஞர்கள் தெப்பத்தின் கட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். பாட்டும் வேண்டும், வைத்தியரும் வேண்டும் என்பதில் எங்கள் குடியிருப்பில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. விடியுமுன் புறப்பட்டோம். நான்கு பேர் வலித்தார்கள். என் மடியிலே குழந்தை. நடுநீரில் அவன் மூச்சு நின்றது.

நான் அலறினேன். ஆனால் வலிப்பதை ஒருவரும் நிறுத்தவில்லை. அத்தை என் பக்கம் திரும்பாமலே, "நடுத் தண்ணியிலே நிக்கக் கூடாது, பிள்ளே. கரை வரட்டும். எல்லாருமாச் சேர்ந்து அழுவோம்" என்றாள். தெப்பம் கரை தட்டிற்று. நான்கு பேரும் துடுப்புகளைக் கீழே போட்டுவிட்டு, என்னைச் சுற்றி ஈர மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்கள். அத்தையின் உள்ளங்கைகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

துடுப்புப் போடுவதை வலித்தல் என்கிறோம்; உடம்பும் உள்ளமும் நோவதையும் வலித்தல் என்றே சொல்கிறோம். இரண்டிற்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலாகவே இருக்கட்டும். அன்று முதல் எனக்கு அவை இரண்டல்ல.

கோவில்பட்டிக்குத் திரும்பி வந்தேன். எங்கள் தெரு ஸ்திரீகளை நான் அதுவரையில் குழாயடியில்தான் அறிந்திருந்தேன். குழாயடியின் பாஷை எப்படிப்பட்டது என்பதைச் சகோதரிகளுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. "நீங்கள் எந்த ஜனம்?" என்று நான்கு வருஷமாகத் துருவித் துருவிக் கேட்டவர்கள், அன்று எதுவும் கேட்கவில்லை. திண்ணையில் வந்து அமர்ந்து, தோளோடு தோள் சேர்த்து, ஒப்பாரி எடுத்தார்கள். என் மொழியில் அந்தப் பாட்டு இல்லை; ஆனாலும் அதன் தாளம் எனக்குப் புரிந்தது. பல நாட்கள் என் வீட்டில் அடுப்பு எரியவில்லை, ஆனால் கஞ்சி வந்துகொண்டே இருந்தது. அதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. நான் வாசலைத் தாண்டாத அந்நாட்களிலெல்லாம், குழாயடி வரிசையில் என் குடம் மட்டும் முறை தவறாமல் நகர்ந்து, நிரம்பி, என் வாசலுக்கு வந்து சேர்ந்தது. யார் நகர்த்தினார்கள், யார் சுமந்து வந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குடத்துக்கு முந்திப் பிந்திச் சண்டை நடக்கும் ஊரில் இது எவ்வளவு பெரிய தர்மம் என்பதைக் கரிசல்காரர்கள் அறிவார்கள். தெப்பத்தின் மறுபக்கத்தில் அவர்கள் உட்கார்ந்து வலித்தார்கள் என்றே சொல்வேன்.

உலகத்தின் வேறொரு கோடியிலும் இந்த ஞானத்தைப் பெற்ற மக்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரையில் வாழும் பூர்வகுடிகள் பெருமரத்தைக் குடைந்து ஓடம் செய்பவர்கள். கானடா தேசத்தில் அவர்களுடைய பெருவிருந்துச் சடங்கையே 1885 முதல் 1951 வரையில் சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்தார்கள். ஓடங்களும் மெல்ல மெல்ல அருகிவிட்டன. 1989-ஆம் வருஷம் பல குடியினர் ஓடங்களில் ஏறி ஸியாட்டில் நகருக்கு வலித்து வந்தார்கள். 1993-இல் வடக்கே பெல்லா பெல்லா என்னும் ஊருக்குச் சென்றார்கள். அதன்பின் அது ஒரு பெரும் யாத்திரையாக வளர்ந்துவிட்டது. அங்கே ஓடத்தில் வலிப்பவர்களுக்கு வழங்கும் பெயருக்கு 'இழுப்பவர்கள்' என்றே பொருள். கரையை நெருங்கியதும் நேரே இறங்கிவிட மாட்டார்கள். நீரிலேயே நின்று, தாங்கள் யார், எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லி, கரைக்கு உரியவர்களிடம் அனுமதி கேட்பார்கள். "வாருங்கள்" என்ற சொல் வந்த பிறகே கால் மண்ணில் படும்.

'தாங்கள் யார்' என்னும் அந்தக் கேள்விதான் இப்போது என் வீட்டில் நிற்கிறது. என் மகள் கரிசலில் பிறந்தவள். கம்பங்கூழும் கருவாடும் அவளுக்குத் தெரியும். காணிப் பேச்சு தெரியாது. காணிக்காரர் என்ற பெயரை அரசாங்கப் பழங்குடிப் பட்டியலில் இன்ன ஜில்லா, இன்ன தாலுகா என்று எல்லை கட்டியே எழுதியிருக்கிறார்கள். அம்பாசமுத்திரம் தாலுகாவே பிற்பாடுதான் அதில் சேர்ந்தது. கோவில்பட்டி அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. "அம்மா, சோதனைச் சாவடியைத் தாண்டினால் நான் காணி, இந்தப் பக்கம் வந்தால் நான் யார்?" என்று கேட்கிறாள். காகிதம் சொல்லும் பதிலை அவளே படித்துக்கொள்வாள். காகிதத்தில் இல்லாத பதிலை நான்தானே கொடுக்க வேண்டும்?

சென்ற வருஷம் அத்தை காலமானாள். 1988 முதல் அந்தக் காடு களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகமாக இருப்பதால், நினைத்த மாத்திரத்தில் போய்வர முடியாது. அனுமதி பெற்று மகளோடு போய்ச் சேர்ந்தேன். குடியிருப்பில் துடுப்புப் பிடிக்கும் கைகள் குறைந்திருந்தன. பிள்ளைகள் பலர் கீழே விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள். மறுநாள் காலையில் தெப்பத்தின் ஒரு பக்கத்தில் நான் அமர்ந்து, மறுபக்கத் துடுப்பை அவளிடம் நீட்டினேன். தெப்பம் இரண்டு முறை வட்டமிட்டது. "என்னைப் பார்க்காதே, என் துடுப்பின் ஓசையைக் கேள்" என்றேன். மூன்றாம் முறை அது நேரே புறப்பட்டது.

நடுநீரில் அவள் கேட்டாள்: "அண்ணன் போனது இங்கேதானா?"

"இங்கேதான்" என்றேன். இருவரும் வலிப்பதை நிறுத்தவில்லை.